முதல் வண்டி மொபெட்தான்

மதுரை அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் இன்று காளையை அடக்குபவருக்குப் பைக்கும் பரிசாகக் கிடைப்பதுண்டு. ஆனால் மதுரைச் சமவெளியின் விவசாயியும் பால்காரரும் தாமே காசு கொடுத்து முதலில் வாங்கியது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் அல்ல, மொபெட். 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய தொழிலின் வாரிசு நிறுவனம், 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டைக் கொண்டுவந்தது. இருவர் அமரலாம், கியர் கிடையாது, பெட்ரோல் தீர்ந்தால் பெடலை மிதிக்கலாம். அன்று சந்தையில் இருந்த என்ஃபீல்டு புல்லட்டோ, கனத்தாலும் கிக்கராலுமே புதியவரை மிரட்டியது.

மொபெட்டில் பழகியவருக்குக் கியர் வராது என்பார்கள். உண்மைதான்; ஆனால் கியரைச் சில வாரங்களில் கற்கலாம். சமநிலை, பிரேக், எதிரே வரும் லாரியின் வேகத்தைக் கணிக்கும் கண் ஆகியவற்றுக்குத்தான் காலம் பிடிக்கும். கனமில்லாத வண்டி அவற்றைப் பழக இடம் தரும். 1988 மோட்டார் வாகனச் சட்டமும் 50 சி.சி. வரையிலான வண்டியைத்தான் 16 வயதினருக்கு அனுமதித்தது. மொபெட் கௌரவக் குறைச்சல் என்ற இன்னொரு ஆட்சேபமும் உண்டு. அது வண்டியைப் பற்றியதே அல்ல, கல்யாணச் சந்தையைப் பற்றியது. முதல் பைக் வாங்கும் இளைஞர்களே, சி.சி.யைப் பார்க்கும் முன், இரு கால்களும் தரையில் நன்றாக ஊன்றுகின்றனவா என்று பாருங்கள்.