புல்லட்டின் மூச்சுக்குழல்

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரிலிருந்து புறப்பட்ட 350 சிசி புல்லட்டோடு ஒரு வீட்டுவேலையும் சேர்ந்தே வந்தது: கார்புரேட்டர் கழுவுவது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின்போலப் படியும். முதலில் அடைபடுவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் நுண்துளையான பைலட் ஜெட். அவசரப்பட்டுக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, வண்டி பெட்ரோல் குடிக்கும். ஊறவைத்து, பம்பால் காற்றடிப்பதே சரி.

பிறகு டியூனிங். காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை முழுதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, சூடான எஞ்சினின் 'டுப் டுப்'புக்குக் காது கொடுக்க வேண்டும். கருவி எதற்கு, காது போதாதா! ஸ்பார்க் பிளக்கும் சாட்சி சொல்லும்: கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் குறைவு, டீ நிறமென்றால் சரி.

2020-இல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தது. புதிய புல்லட்டில் கார்புரேட்டரின் இடத்தை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்தது.