போய்த் திரும்பும் வண்டி

காசு கொடுத்துப் பயத்தை வாங்குகிற பிராணி மனிதன் ஒருவன்தான். அந்த வியாபாரத்தின் சரித்திரம் ரசமானது.

1884-ஆம் ஆண்டு, நியூயார்க்கை அடுத்த கோனி தீவில் லாமார்கஸ் தாம்ஸன் என்பவர் ஒரு மரப்பாதை அமைத்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஆறு மைல். ஒரு மேட்டிலிருந்து உருண்ட வண்டி அடுத்த மேட்டருகே போய் நிற்கும். பிரயாணிகள் இறங்குவார்கள், ஆட்கள் வண்டியை மேலே தள்ளுவார்கள், பிறகு எல்லோரும் ஏறித் திரும்புவார்கள். அந்த ஆமை வேகத்திற்கே ஜனங்கள் முண்டியடித்தார்கள்!

பயத்துக்கும் பசி உண்டு. கொடுக்கக் கொடுக்க அது இன்னும் கேட்கும். 1895-இல் அதே கோனி தீவில், மனிதர்களைத் தலைகீழாகச் சுழற்றும் வளையம் ஒன்று வந்தது. சுத்தமான வட்டம். வினை அங்கேதான் இருந்தது. முழு வேகத்தில் வரும் வண்டி வட்டத்துக்குள் நுழைந்த கணமே சுமை முழுவதும் பிரயாணியின் கழுத்தில் இறங்கியது. கழுத்து சுளுக்கியவர்கள் மறுமுறை ஏறுவார்களா? வளையம் நிலைக்கவில்லை.

எண்பது வருஷங்கள் கழித்து விடை ஜெர்மனியிலிருந்து வந்தது. பவேரியாவைச் சேர்ந்த அன்டன் ஷ்வார்ஸ்காப், வண்டிப் பட்டறைக் குடும்பத்தில் 1924-இல் பிறந்தவர். அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் வெர்னர் ஸ்டெங்கல் என்ற பொறியாளர். வட்டத்தைக் கைவிட்டு, கண்ணீர்த்துளி வடிவில் வளையத்தை அமைத்தார்கள். வேகம் மிகுந்த அடிப்பாகத்தில் வளைவு அகலம். வேகம் தணிந்த உச்சியில் குறுகல். கழுத்து பிழைத்தது! 1976-இல் கலிபோர்னியாவில் அந்த எஃகு வளையம் சுழன்றது.

மறு ஆண்டே அவருடைய அடுத்த விந்தை பிறந்தது. சுற்றிவரப் பாதை கிடையாது. ஏற்றிவிடச் சங்கிலியும் கிடையாது. ஒரு நேர்ப்பாதை, நடுவில் ஒரு வளையம், இரு முனைகளிலும் வானை நோக்கிய செங்குத்தான ஏற்றம். அவ்வளவுதான். 1977-இல் வர்ஜீனியாவில் ஓடிய 'கிங் கோப்ரா'வில், உயரத்திலிருந்து பெரும் பாரம் ஒன்று விழுந்து, கம்பிவடத்தால் வண்டியைச் சுண்டி இழுத்தது. 1978-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் வந்த 'மான்டெஜூமாஸ் ரிவெஞ்ச்'சில், பாரத்தின் இடத்தில் 'ப்ளைவீல்' என்னும் கனத்த சக்கரம். குயவன் சக்கரத்தைப்போல அது மெல்ல மெல்ல வேகத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வடத்தோடு பிணைத்ததும் அவ்வளவையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடும். ஐந்து விநாடிக்குள் மணிக்கு 55 மைல்!

வண்டி வளையத்தைச் சுற்றி, எதிர் ஏற்றத்தில் பாய்ந்து, மூச்சடங்கினாற்போல் நிற்கும். பிறகு பின்புறமாகவே சரியும். மறுபடி வளையம், ஏறிய இடத்தையும் தாண்டிப் பின் ஏற்றம், அங்கிருந்து இறங்கினால்தான் நிறுத்தம். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது வேகமல்ல, அந்தத் திரும்புதல். அதே பாதை, அதே வளையம். ஆனால் முன்னால் போகும்போது ஆபத்தைக் கண்ணால் பார்க்கிறோம். பின்னால் வரும்போது முதுகால் உணர்கிறோம். தெரிந்த வழியே தெரியாத வழியாகிவிடுகிறது. கதை எழுதுகிறவன் நூறு பக்கத்தில் செய்ய முயலும் வித்தை இது.

ஷ்வார்ஸ்காப்புக்கு வியாபாரம் கைகொடுக்கவில்லை, கம்பெனி திவாலாயிற்று. 2001-இல் அவர் காலமானார். மற்றவர்களுடைய கழுத்தைக் காப்பாற்றிய மனிதருக்குத் தம் கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை. ஆனால் அவருடைய கண்ணீர்த்துளி வடிவை மட்டும் அவருக்குப் பின் வந்தவர்கள் விட்டுவிடவில்லை.