உழவு இயந்திரப் பெட்டியில் பாரம் எங்கே இருக்க வேண்டும்?

2024 நவம்பர் 26ஆம் திகதி, வெள்ளத்தின்போது, காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டது. அன்று பிள்ளைகளை இழந்த துயரம் எங்கள் பகுதியில் இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு பெட்டி பூட்டிய எந்த இயந்திரத்தைக் கண்டாலும் பாரம் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சுமந்ததும் இதே பெட்டிகள்தான். ஆனால் ஏற்றும் முறையைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

இரண்டு சக்கரப் பெட்டி ஒரு தராசு மாதிரி. அச்சுதான் அதன் நடு. கொழுவும் இடத்துக்கும் அச்சுக்கும் இடையில் 8 அடி என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 2 அடி பின்னால் வைக்கும் 60 கிலோ நெல் மூடை ஒன்று, கொழுவும் இடத்தை 15 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். பத்து மூடை என்றால் 150 கிலோ. இயந்திரத்தின் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். வேகம் கூடினால் பெட்டி வால் ஆட்டத் தொடங்கும். அதே மூடைகளை அச்சுக்கு 2 அடி முன்னால் வைத்தால் 150 கிலோ கீழே அழுத்தும். அதனால் அடுக்கும்போது அச்சுக்கு நேர் மேலே தொடங்கி, முன்பக்கம் சற்றுக் கூடுதலாக வையுங்கள்.

அதற்காக முழுவதையும் முன்னால் குவிக்கவும் கூடாது. முன் சக்கரம் இலேசாகி, ஸ்டியரிங் சொல்வழி கேட்காது. இயந்திரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் நிற்க வேண்டும். வெளிநாடுகளில் கரவன் இழுப்பவர்கள், பின்னால் விழும் பாரத்தை முன் சக்கரத்துக்கும் பகிர்ந்துவிட வில்லுக்கம்பிகள் கொண்ட தனிக் கொழுவி பூட்டுகிறார்கள். நமக்கு அது இல்லை. மூடையை நகர்த்துவதும், இயந்திரத்தின் முன்னால் இரும்புப் பாரம் போடுவதும்தான் வழி.

பெட்டியைத் தாழ்வான இழுவைக் கம்பியில் மட்டும் கொழுவுங்கள். உயரத்தில் கொழுவினால் இழுக்கும்போது முன்பக்கம் எழும்பும். பின்னுக்குப் பூட்டு ஊசி கட்டாயம்; அந்த இடத்தில் ஆணியையோ கம்பித்துண்டையோ செருகி ஓடுவது பெரிய ஆபத்து. வீதிக்கு ஏறுமுன் இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள்.

லேண்ட்மாஸ்டர் ஓட்டுபவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சமதரையில் இடது கைக் கிளச்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். பாரத்துடன் வாய்க்கால் கட்டிலிருந்தோ பாலத்திலிருந்தோ இறங்கும்போது அது தலைகீழாகும். பெட்டி பின்னாலிருந்து தள்ள, விடுபட்ட இடது சக்கரம் வேகமாக உருளும், வலது சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைக்கும்; வண்டி வலது பக்கம் போகும். பழகிய கை பதற்றத்தில் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாறி, கிளச்சைத் தொடாமல் கைப்பிடியால் மட்டும் திருப்புங்கள்.

இவை எல்லாம் காய்ந்த வீதிக்கு. மாவடிப்பள்ளியிலோ கிட்டங்கியிலோ வீதியைக் குறுக்கறுத்து நீர் ஓடும்போது இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது. பெட்டியின் பக்கப்பலகை முழுவதையும் நீர் தள்ளும். காற்றடைத்த பெரிய டயர்கள் மிதப்பைக் கூட்டும். அழுத்தும் பாரம் குறைந்து சக்கரம் தரையை விடும். பெட்டி ஒரு பக்கம் இழுபட்டால் இயந்திரத்தையும் சேர்த்தே இழுக்கும். அந்த நேரத்தில் ஆட்களை ஏற்றச் சொல்லி யார் கேட்டாலும், எவ்வளவு அவசரமானாலும், இயந்திரத்தை நிறுத்திவிட்டு நீர் வடியும்வரை காத்திருங்கள்.