50 பென்ஸ்: இன்ஃபோசிஸ் ஆக்ஸானை ஏன் விட்டுது?

இந்த எபிசோட்ல ஒரு ஏலக் கதை. நடுவுல கணக்கு நிறைய வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

2008 ஆகஸ்ட் கடைசி. இங்கிலாந்துல ஆக்ஸான்னு ஒரு கம்பெனி. பெரிய நிறுவனங்களுக்கு எஸ்.ஏ.பி. மென்பொருளை அமைச்சுக் கொடுத்து ஆலோசனை சொல்றது அவங்க தொழில். சுமார் 2,000 பேர் வேலை பாத்தாங்க. ஒரு பங்கு 600 பென்ஸ், மொத்தம் 40.7 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கறோம்னு இன்ஃபோசிஸ் அறிவிச்சுது. அதுவரைக்கும் இன்ஃபோசிஸ் இவ்வளவு பெருசா எதையும் வாங்கினதே இல்லை.

செப்டம்பர் 15, லேமன் பிரதர்ஸ் திவால். உலகமே பர்ஸை மூடிக்கிட்டு உக்காந்திருந்த அந்த மாசக் கடைசியில ஹெச்.சி.எல். உள்ள வருது. திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில பொறந்த ஷிவ் நாடார் ஆரம்பிச்ச அதே ஹெச்.சி.எல். தான். 650 பென்ஸ்னு சொன்னாங்க. மொத்தம் 44.1 கோடி பவுண்ட்.

இதுல ஒரு வேடிக்கை. ஹெச்.சி.எல்.லோட வருமானம் அப்போ இன்ஃபோசிஸ் வருமானத்துல பாதிகூட இல்லை. அவங்க கடன் வாங்கித்தான் வாங்கணும். இன்ஃபோசிஸுக்குக் கடனே கிடையாது, கையில ரொக்கம் குவிஞ்சு கிடந்தது. 660 பென்ஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏலம் தொடர்ந்திருக்கும். ஆனா அக்டோபர் 10, காலாண்டு முடிவு வெளியிட்ட அதே நாள்ல, இன்ஃபோசிஸ் விலகிடுச்சு.

போர்டு எடுத்த முடிவுதான். ஆனா "இதுக்கு மேல கொடுத்தா போட்ட காசு திரும்பாது"ங்கிற கணக்கு நிதித் தலைவர் மேஜையில இருந்துதான் வரும். அதாவது சி.எஃப்.ஓ. அன்னைக்கு அந்த நாற்காலியில இருந்தவர் வி. பாலகிருஷ்ணன்.

எங்க ஊர் மேலநீலிதநல்லூர். பக்கத்துல சங்கரன்கோவில் பூரா விசைத்தறி. அங்க கணக்குப்பிள்ளைன்னா வரவு செலவு எழுதறவர். நூல் இப்போ வாங்கலாமா, விலை இறங்கட்டும்னு நிக்கலாமான்னு முடிவு பண்றது முதலாளி. நம்ம ஊர் பெரிய கம்பெனிகள்லயும் ரொம்ப காலம் அதே கதைதான். இந்தப் பிரிவு எங்க மாறுச்சுன்னு பாக்கணும்னா, ஆக்ஸானுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

1993. இன்ஃபோசிஸ் பங்கு வெளியீடு, ஒரு பங்கு 95 ரூபாய். மக்கள் முழுசா வாங்கல, மிச்சத்துல பெரிய பங்கை எடுத்தது மார்கன் ஸ்டான்லி. ஒரு கம்பெனி நல்லா இருந்தா மட்டும் பத்தாது, அதை முதலீட்டாளருக்குப் புரியவைக்க ஒரு ஆள் வேணும். அடுத்த வருஷம் டி.வி. மோகன்தாஸ் பய் வந்து சேர்ந்தார். 90-கள் நடுவுலயே, யாரும் கேக்காமலே, அமெரிக்கக் கணக்கியல் முறைப்படி அறிக்கை வெளியிட ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஊழியர்களை எல்லாம் ஒரு சொத்தா மதிப்புப் போட்டு ஆண்டறிக்கையில சேர்த்தாங்க. (அந்த மதிப்பீட்டை நான் பெருசா நம்பமாட்டேன். ஆனா விளம்பரமா பாத்தா அபாரம்.)

இதெல்லாம் போய் முடிஞ்சது 1999 மார்ச் 11-ல. இந்தியாவுல பதிவான கம்பெனிகள்ல நாஸ்டாக்ல பட்டியலான முதல் கம்பெனி இன்ஃபோசிஸ். திரட்டினது சுமார் 7 கோடி டாலர். பணத்தைவிடப் பெரிய லாபம் வேற. அமெரிக்க வாடிக்கையாளர் "யாருப்பா நீங்க?"ன்னு கேட்டா, அவங்க ஊர் சந்தையிலயே, அவங்களுக்குப் புரியற கணக்குல பதில் இருக்கு. அங்க வேலைக்கு எடுக்கற ஆளுக்கு டாலர் மதிப்புல பங்கு கொடுக்கலாம். சேல்ஸ் டீமோட வேலையில பாதியை நிதித்துறை செஞ்சு கொடுத்த மாதிரி.

அதுக்கு ஒரு விலையும் இருந்துது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அடுத்து எவ்வளவு வரும்னு முன்கூட்டியே சொல்லணும்னு சந்தை எதிர்பார்க்கும். 2003 ஏப்ரல்ல அப்படிச் சொன்ன நம்பர் சந்தைக்குப் பிடிக்கல. பங்கு விலை ஒரே நாள்ல கால்வாசிக்கு மேல விழுந்துச்சு.

2006-ல பய் நிதியை விட்டுட்டு மனிதவளப் பொறுப்புக்குப் போனார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் பாலகிருஷ்ணன். 1991-லயே சேர்ந்தவர். வந்த மறுவருஷமே சோதனை. 2007 தொடக்கத்துல 44 ரூபாய் பக்கம் இருந்த டாலர், வருஷக் கடைசியில 39-க்கு வந்துடுச்சு. வருமானம் டாலர்ல, சம்பளம் பெரும்பாலும் ரூபாய்ல. நாம எவ்வளவு நல்லா கோட் எழுதினாலும் லாபம் கரையும். எவ்வளவு டாலரை முன்கூட்டியே விலை பேசி வைக்கறதுங்கிறதே கம்பெனியோட தலையெழுத்தா ஆயிடுச்சு.

இந்த மனுஷங்கதான் ஆக்ஸானுக்கு 50 பென்ஸ் கூடக் கொடுக்க முடியாதுன்னாங்க. சரியா?

ஹெச்.சி.எல். டிசம்பர்ல வாங்கி முடிச்சுது. அதுக்குள்ள ஒரு அதிர்ஷ்டம்: ஆகஸ்ட் கடைசியில 1.80 டாலருக்கு மேல இருந்த பவுண்ட், டிசம்பர் நடுவுல 1.50 பக்கம் இறங்கியிருந்துச்சு. அக்டோபர்ல உக்காந்து கணக்குப் போட்ட யாருக்கும் இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. ஹெச்.சி.எல். ஆக்ஸான்னு பேர் வெச்சு அதையே ஒரு பெரிய பிரிவா வளர்த்தாங்க.

என்னைக் கேட்டா, லேமன் விழுந்து ஒரு மாசம்கூட ஆகாத நேரத்துல விலையை ஏத்தாம விட்டது தப்பே இல்லை. ஆனா ஆலோசனைத் தொழில்ல ஆழமா போகணும்ங்கிற தேவை ஏலத்தோட போயிடலையே. அந்த அளவுக்கு வேற எதையும் வாங்காம நாலு வருஷம் ஓடிச்சு. 2012 நடுவுல, சென்னையில வேர்விட்டு வளர்ந்த காக்னிசன்ட் காலாண்டு வருமானத்துல இன்ஃபோசிஸைத் தாண்டிடுச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல இன்ஃபோசிஸ் ஸ்விட்சர்லாந்து கம்பெனி ஒண்ணை வாங்குறதா அறிவிச்சுது: லோட்ஸ்டோன், சுமார் 33 கோடி ஸ்விஸ் ஃபிராங்க். அவங்க தொழில் என்னன்னா, எஸ்.ஏ.பி. ஆலோசனை.

அடுத்த மாசக் கடைசியோட பாலகிருஷ்ணன் நிதித் தலைவர் பொறுப்பை விட்டுட்டு, ஃபினாக்கிள், பி.பி.ஓ., இந்தியா பிசினஸ் மூணையும் நடத்தப் போனார். கணக்கைப் பாத்துக்கிட்டிருந்தவர் கடையையே பாக்கப் போனாரு. 2013 டிசம்பர்ல கம்பெனியை விட்டே விலகினார்.