பெயர்ப்பலகையும் பெயர்ப்பும்: புது தில்லியின் இரு சாலைகள்

நகரத் தெருவின் பெயர்ப்பலகை வழிகாட்டும் கருவி மட்டுமன்று. ஆட்சியாளர் மக்கள்முன் வைக்கும் மிகச் சிறிய பனுவலும் ஆகும். ஆட்சி மாறும்போது அப்பனுவலும் பெயர்க்கப்படுவதுண்டு. அவ்வாறு பெயர்க்கப்பட்ட புது தில்லியின் இரு சாலைப் பெயர்களை மொழிபெயர்ப்பு நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு 1911இல் வெளிவந்தது. 1931இல் புது தில்லி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. வைசிராய் மாளிகையிலிருந்து கிழக்கே இந்தியா கேட் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை ‘கிங்ஸ்வே’ எனவும், அதனைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சாலை ‘குயின்ஸ்வே’ எனவும் வழங்கின.

விடுதலைக்குப் பின் முன்னது ‘ராஜ்பத்’ ஆயிற்று. பின்னது ‘ஜன்பத்’ ஆயிற்று. இவ்விரண்டும் ஒரே முறையில் அமைந்தவை அல்ல. ராஜ்பத் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. குயின்ஸ்வேயோ ‘ராணிபத்’ ஆகவில்லை. அரசியின் இடத்தில், மக்களைக் குறிக்கும் ‘ஜன’ என்னும் சொல் வந்தமர்ந்தது. ஆங்கில இணையின் வடிவம் காக்கப்பட்டது, பொருள் மாற்றப்பட்டது. அரசன் வழியும் மக்கள் வழியும் ஒரு சந்திப்பில் எதிர்ப்பட்டன. ஜன்பத் என்பதன் முழுப்பொருள் அகராதியில் இல்லை. அச்சந்திப்பில் இருந்தது எனலாம்.

2022 செப்டம்பரில் ராஜ்பத் ‘கர்த்தவ்ய பத்’ (கடமை வழி) எனப் பெயர் மாற்றப்பட்டது. அடிமைக்கால அடையாளத்தை நீக்குதல் என்பது அரசு கூறிய காரணம். ஜன்பத் என்னும் பெயரில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆயினும் அதன் பொருள் மாறிவிட்டது. அரசனுக்கு எதிர்நின்ற மக்கள், இப்போது கடமைக்கு எதிரே நிற்கின்றனர். சொல்லின் மதிப்பு பிற சொற்களோடு அது கொள்ளும் வேறுபாட்டால் அமைகிறது என்னும் சசூரின் கருத்துக்கு இது தக்க சான்றாகும்.

எழுத்துப்பெயர்ப்பும் இங்குக் கருதத்தக்கது. 2000ஆம் ஆண்டின் தில்லி ஆட்சிமொழிச் சட்டம் இந்தியை ஆட்சிமொழியாகவும், பஞ்சாபியையும் உருதுவையும் இரண்டாம் ஆட்சிமொழிகளாகவும் ஏற்றது. இம்மூன்றனோடு ஆங்கிலமும் சேரத் தில்லித் தெருப்பலகைகள் நான்கு வரிவடிவங்களில் எழுதப்படுகின்றன. ஜன்பத் பலகையில் நான்கும் தருவது ஒரே சொல்லின் ஒலியையே. பார்வைக்கு நான்கு மொழிகள். உண்மையில் ஒரு மொழி, நான்கு எழுத்துகள். உரோமன் வரியில் ‘பத்’ என்பது, வழியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துவிடுகிறது. வடமொழிச் சொல்லில் உள்ளது குறில். அவ்வாறிருக்கத் தமிழ் இதழ்கள் சில ‘ராஜ்பாத்’ என நெடிலாக்கியமைக்கு இம்மயக்கமே காரணமாகலாம்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் பெறப்படும் நெறிகள் இரண்டு. செய்தியிலும் முகவரியிலும் ஒலி போதும். ஆனால் மூலநூலார் இரு பெயர்களின் முரணைக் கருதி எழுதியிருப்பின், ‘மக்கள் வழி’ என்னும் பொருளையும் உடன் தருதல் வேண்டும். 2022க்கு முற்பட்ட பனுவலில் இன்றைய பெயரை இட்டுத் திருத்துதலும் கூடாது. அது பெயரைப் புதுப்பிப்பதாகத் தோன்றினும், அரசனையும் மக்களையும் எதிரெதிரே நிறுத்திய மூலநூலாரின் கருத்தையே அழித்துவிடும்.