உசம்பரா மலைப்பூவும் பியூன் கொடுத்த இலையும்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு ஒரு வேடிக்கையான அனுபவம் உண்டு. பார்த்தே இராத பூக்களின் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அம்மாவின் தலையில் இருப்பது மல்லிகையும் கனகாம்பரமும். பாடப் புத்தகத்தில் இருப்பதோ வியோலெத். அடக்கத்துக்கு அடையாளமான பூ அது என்பார் எங்கள் வாத்தியார். நாங்களும் எழுதிக்கொள்வோம். எப்படி இருக்கும் என்று கேட்டால், "ஊதாவாக இருக்கும்" என்பதோடு முடித்துக்கொள்வார். அவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெயர் கொண்ட செடி ஒன்றை நான் கண்ணால் பார்த்தது பள்ளியை விட்டுப் பல வருஷம் கழித்து, அலுவலகத்தில். மலைப் பக்கம் போய் வந்த எங்கள் அதிகாரி ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டு வந்து தன் மேசையில், ஜன்னலோரம் வைத்தார். தடித்த வட்ட இலைகள். தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். நடுவில் கொத்தாக ஊதாப் பூ, பூவுக்குள் இரண்டு மஞ்சள் பொட்டு. 'ஆப்பிரிக்கன் வயலட்' என்றார் அதிகாரி. அன்று முதல் அதற்கு 'ஆபீசர் செடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அதிகாரி அதற்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டவர் எங்கள் பியூன். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் என்னை 'முசே' என்று கேலியாகக் கூப்பிடுவார். முதல் மாதம் பானைத் தண்ணீரை இலை மேலேயே ஊற்றிவிட்டார்; இலையெல்லாம் வெள்ளைத் திட்டு விழுந்தது. அதன் பிறகு டீ சாசரில் தண்ணீர் ஊற்றி, அதில் தொட்டியை வைத்து, அரை மணி கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுவார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே கண்டுபிடித்தார்.

அதிகாரிக்கு மாற்றல் வந்தது. செடியும் அவரோடு கிளம்பத் தயாரானது. முதல் நாள் சாயங்காலம் பியூன் என் மேசைக்கு வந்து, நனைத்த நியூஸ் பேப்பரில் சுற்றிய ஓர் இலையைக் கொடுத்தார். "முசே, இதை ஈர மண்ணுல சாய்ச்சு வையுங்க. வரும்" என்றார். வந்தது.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தச் செடியின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். படித்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. இது வயலட்டே அல்ல. என் பாடப் புத்தகத்து வியோலெத்துக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. பூவின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். நம் நர்சரிகளில் கிளாக்சினியா என்று விற்கிறார்களே, அதுதான் இதன் பங்காளி. இதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. இன்றைய தான்சானியாவிலும், அதை ஒட்டிய கென்யாவின் தென்கிழக்கு மூலையிலும் தவிர உலகில் வேறெங்கும் இது காட்டில் தானாக வளர்வதில்லை. டாங்கா என்ற துறைமுகத்துக்குப் பின்னால் உசம்பரா என்ற மலைத்தொடர் இருக்கிறது. அங்கே பெரிய மரங்களின் நிழலில், ஓடைக்கரைப் பாறைகளில் பாசியோடு பாசியாக ஒட்டிக்கொண்டு வாழும் செடி இது.

1890களில் அந்தப் பகுதி ஜெர்மானியர் கையில் இருந்தது. டாங்காவில் ஜெர்மன் அரசின் மாவட்ட அதிகாரியாக இருந்தவர் வால்டர் ஃபொன் சென் போல் இல்லேர். நம் காரைக்காலில் முன்பு அட்மினிஸ்ட்ரேட்டர் இருந்தாரே, ஏறக்குறைய அந்த மாதிரிப் பதவி. பெயரைப் பார்த்ததும் பிரெஞ்சுக்காரர் என்றே நினைத்தேன். பள்ளிப் பழக்கம் விடாது அல்லவா? மனிதர் ஜெர்மன் பிரபு வம்சம். 1892 வாக்கில் இந்தச் செடி அவர் கண்ணில் பட்டது. ஜெர்மனியில் இருந்த தன் தகப்பனாருக்கு அனுப்பினார். தகப்பனாருக்குச் செடிகொடிகளில் பெரிய ஈடுபாடு. அவர் அதை ஹனோவர் நகரத்து ஹெரன்ஹௌசன் தோட்டத்தின் தலைவர் ஹெர்மன் வெண்ட்லாண்டிடம் சேர்த்தார்.

வெண்ட்லாண்டு அதை வளர்த்து, ஆராய்ந்து, 1893-ல் தாவரவியல் முறைப்படி பெயர் வைத்தார்: செயிண்ட்பாலியா அயோனந்தா. முன்பாதி அப்பாவையும் பிள்ளையையும் கௌரவிப்பது. பின்பாதி கிரேக்கம், வயலட் போன்ற பூ உடையது என்று அர்த்தம். அதே 1893-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் நடந்த தோட்டக்கலைக் கண்காட்சியில் செடியை வைத்தார்கள். எர்ஃபுர்ட் நகரத்து விதை வியாபாரி எர்ன்ஸ்ட் பெனாரி விதை விற்கும் உரிமையைப் பெற்றார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது.

இதில் ஒரு சங்கதி. அந்தப் பிரபுவுக்கு முன்பே 1884-ல், சான்சிபாரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜான் கிர்க் இந்தச் செடியைச் சேகரித்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். 1887-ல் டெய்லர் என்ற பாதிரியாரும் அனுப்பினார். காய்ந்த மாதிரிகள் அலமாரியில் கிடந்தன. யாரும் பெயர் வைக்கவில்லை. ஃபைல் போய்ச் சேர்ந்தும் நோட்டிங் போடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று என் போன்ற குமாஸ்தாக்களுக்குச் சொல்லவே வேண்டாம். நம்பர் போட்டு உத்தரவு வாங்கியவன் பெயர்தான் ரிக்கார்டில் நிற்கும்.

ஆனால் கிர்க்குக்கும் பிரபுவுக்கும் எவ்வளவோ காலம் முன்னாலிருந்து அந்த மலையில் ஷம்பா என்ற மக்கள் வாழ்கிறார்கள். ஓடைக்கரைப் பாறையில் வருஷா வருஷம் பூக்கிற செடி அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்குமா? மழைக்காட்டுக்குள் அதிகாரி தனியாகவா நடந்திருப்பார்? வழி காட்ட ஆள், மூட்டை சுமக்க ஆள் இல்லாமல் அந்தக் காலத்தில் எந்த வெள்ளைக்காரரும் மலை ஏறியதில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் செடியின் பெயரில் இல்லை.

அதே 1893-ல் டாங்காவில் இன்னொரு செடி இறங்கியது. ரிச்சர்ட் ஹிண்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் அமெரிக்கக் கண்டத்துச் சிசல் கற்றாழையை நாருக்காக வரவழைத்தார். அனுப்பிய 1000 கன்றில் 62 மட்டுமே உயிரோடு வந்து சேர்ந்தன. அந்த 62-லிருந்து அந்த நாட்டின் பெரிய சிசல் தோட்டங்கள் எழுந்தன. அழகுச்செடி ஐரோப்பாவின் ஜன்னலுக்குப் போனது. கயிறு திரிக்கும் செடி ஆப்பிரிக்கக் கூலிகளின் கைக்கு வந்தது. உசம்பரா மலையிலும் காட்டை வெட்டிக் காப்பித் தோட்டம் போட்டார்கள்.

டாங்காவோடு நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதல் உலக யுத்தத்தில், 1914 நவம்பரில், பிரிட்டிஷார் டாங்காவைப் பிடிக்க இந்தியாவிலிருந்து சுமார் 8000 பேர் கொண்ட படையை அனுப்பினார்கள். அதில் 63-வது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் ஒன்று. எதிரே ஜெர்மானியர் பக்கம் இருந்தது சுமார் 1000 பேர். ஆனாலும் தோற்றது பெரிய படைதான். சண்டைக்கு நடுவே தேனீக்கள் கலைந்து இரு தரப்பையும் கொட்டியதால் 'தேனீ யுத்தம்' என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. கடற்கரையில் விழுந்து கிடந்தவர்களுக்கு, பின்னால் தெரிந்த மலையில் என்ன பூ பூக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

நம் செடிக்குத் திரும்புவோம். ஐரோப்பாவில் அது பல வருஷம் பூங்காக்காரர்களின் செல்லமாகவே இருந்தது. சாமானிய வீடுகளுக்கு அதைக் கொண்டு வந்தது அமெரிக்கா. 1926 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஆர்மகோஸ்ட் அண்டு ராய்ஸ்டன் நர்சரி, ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை வாங்கி, சுமார் 1000 நாற்று வளர்த்து, பத்தை மட்டும் தேர்ந்தெடுத்தது. அந்தப் பத்தில் 'புளூ பாய்' என்ற வகை புகழ் பெற்றது. இன்று உலகமெங்கும் வீடுகளில் இருக்கும் வகைகள் பலவற்றுக்கு அதுதான் பாட்டன். 1938-ல் டியூப் லைட் விற்பனைக்கு வந்தது, வெயிலே வராத அறையிலும் இந்தச் செடியைப் பூக்க வைக்கலாம் என்றாயிற்று. 1946-ல் இதற்கென்றே அங்கே ஒரு சங்கம் ஏற்பட்டது.

சமீபத்தில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். 2015-ல் தாவரவியலாளர்கள் மரபணுவைப் பார்த்து, இது தனிப் பேரினம் அல்ல, ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்ற பேரினத்தில் அடங்கும் என்று முடிவு செய்தார்கள். ஆகவே இப்போது முறைப்படி இதன் பெயர் ஸ்ட்ரெப்டோகார்பஸ் அயோனந்தஸ். பிரபுவின் பெயர் ஓர் உட்பிரிவின் தலைப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் ரூய் துய்ப்ளேக்ஸ் நேரு வீதி ஆன மாதிரிதான். அதுவாவது பரவாயில்லை. காடு வெட்டப்பட்டு, விளைநிலமாகி, சொந்த மலையிலேயே இதன் காட்டு வகைகள் பல அழிவின் விளிம்பில் நிற்கின்றன. லட்சக்கணக்கான ஜன்னல்களில் பூக்கிறது. பிறந்த பாறையில் இடம் இல்லை. மிச்சக் காட்டில் ஒரு பகுதியை அமானி இயற்கைக் காப்பகம் என்று 1997-ல் அறிவித்திருக்கிறார்கள்.

இனி வளர்ப்பு பற்றி. ஓடைக்கரை நிழல் என்பதை மனதில் வைத்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். நேர் வெயில் ஆகாது, வெளிச்சம் வேண்டும். எங்கள் பழைய வீட்டில் முற்றத்தை ஒட்டிய வடக்கு ஜன்னல் இதற்கு ஒத்துக்கொண்டது. சித்திரை, வைகாசி வெயிலில் செடி வாடும்; ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, தொட்டியின் அடி நனையாமல் கல் மேல் வைப்பேன். ஆறிய தண்ணீரைச் சாசரில்தான் ஊற்ற வேண்டும். தொட்டி பெரிதாக இருக்கக் கூடாது, செடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். பக்கக் கன்று வந்தால் எடுத்துவிட்டு ஒரே தலையாக விட்டு, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால், இலைகள் கோலத்துப் பூ மாதிரி வட்டமாகப் படியும். இலைத் தூசியைத் துணியால் துடைக்காமல், மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். என் மனைவி தொட்டியைப் பழைய பித்தளைக் கும்பாவுக்குள் வைப்பாள். ஊதாப் பூவுக்குப் பித்தளைதான் எடுப்பு என்பது அவள் தீர்ப்பு.

கன்று வேண்டுமானால் நடுத்தர வயது இலை ஒன்றைக் காம்போடு ஒடித்து, ஓர் அங்குலம் காம்பை விட்டு, ஈர மணலில் சாய்த்து வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். இரண்டு மூன்று மாதத்தில் அடியில் குட்டி இலை எட்டிப் பார்க்கும். இப்படி வருவதைப் பிள்ளை என்று சொல்ல முடியாது. அதே செடிதான் மறுபடி வருகிறது. எங்கள் செடி முதுமையால் தளரும்போதெல்லாம் ஓர் இலையை ஒடித்து வைத்து, இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். அன்று நியூஸ் பேப்பரில் வந்த செடிதான் இன்றைக்கும் ஜன்னலில் இருக்கிறது.

பியூன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நான் வெகுநாள் இதை வீட்டிலும் 'ஆபீசர் செடி' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மனைவி கேட்டாள்: "அந்த ஆபீசர் இதுக்கு என்ன செஞ்சாரு?" பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் தொட்டியில் வெள்ளைப் பெயிண்டால் பியூனின் பெயரை எழுதி வைத்துவிட்டாள். இன்று பேரப்பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்லித்தான், "தாத்தா, அவருக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்கிறார்கள்.