50க்கும் 60க்கும் நடுவே ஒரு கிரைண்டர்

அக்கா அமெரிக்காவுக்குக் குடிபோகும்போது அம்மா சொன்னது ஒன்றுதான்: "அந்தக் கோயம்புத்தூர் கிரைண்டரையும் எடுத்துக்கிட்டுப் போம்மா." நான்தான் வேண்டாம் என்றேன். படித்த மின்பொறியியல் வீட்டில் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

காரணம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் ஜெர்மனியின் ஏஇஜி 50 ஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுத்தன. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பிரிட்டன் 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 50க்கு வந்து சேர்ந்தது. இன்று இந்தியா, மலேசியா இரண்டிலும் அதே 50தான். அதனால்தான் கோவையில் செய்த கிரைண்டர் கோலாலம்பூரில் பிளக்கை மாற்றினாலே ஓடுகிறது. இந்தியா பழைய பிரிட்டிஷ் உருண்டை முள் பிளக்கிலேயே நின்றுவிட, நாம் 1947இல் பிரிட்டன் வகுத்த பட்டை முள்ளுக்கு மாறிவிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 120 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வைத்து அதை 240 ஆக்கிவிடலாம். 60 ஹெர்ட்ஸை அது 50 ஆக்காது. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். கல் வேகமெடுத்தால் மாவு சூடேறும். மெதுவாக, சூடாகாமல் அரைப்பதற்குத்தானே கல்லே!

கங்காணி காலத்தில் கப்பலேறி வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அம்மிக்கு மின்சாரம் வேண்டாம். அதை ஊரிலேயே விட்டு வந்தவர்களுக்கும் மலாய்க்கார வீடுகளின் பத்து கீலிங் அந்நியமாகத் தெரிந்திருக்காது.

அக்கா அங்கேயே 110 வோல்ட் கிரைண்டர் வாங்கிக்கொண்டார். என் கணக்கு சரிதான். ஆனால் அம்மாவுக்கு ஹெர்ட்ஸ் புரியவில்லை. பொண்ணு வெறுங்கையோடு போனது மட்டும்தான் புரிந்தது.